ஊசி எந்தப் பக்கம் திரும்பும்? – பௌதிகவியல் கேள்வி பதில்

காந்தவியல் பற்றிய ஐயங்களை அனுப்புமாறு சென்ற இதழில் கேட்டிருந்தோம். யாழ்ப்பாணத்திலிருந்தும் வன்னியிலிருந்தும் வந்த மடல்களில் பெரும்பாலானவை உயர்தர வகுப்பு மாணவருடையவை; சில பெற்றோருடையவை. சூத்திரங்கள் எல்லோருக்கும் மனப்பாடமாக இருக்கின்றன. ஆனால் காந்தப்புலம் ஒரு காவிக் கணியம், அதற்கு ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு பருமனும் ஒரு திசையும் உண்டு என்பது கணக்குச் செய்யும் வேளையில் மறந்துபோகிறது. எனவே திசை சார்ந்த கேள்விகளுக்கு இம்முறை கூடுதல் இடம் ஒதுக்கியிருக்கிறேன்.

வீட்டில் ஓர் உலர் மின்கலம், செப்புக் கம்பி, சிறிய திசைகாட்டி ஆகியவற்றைக் கொண்டு, மின்னோட்டம் பாயும் கம்பி திசைகாட்டி ஊசியைத் திருப்பும் எனக் காட்டும் ஏர்ஸ்டெட்டின் பரிசோதனையைச் செய்து பார்த்தேன். கம்பியைத் திசைகாட்டிக்கு நேர் மேலே, மேசையின் நீளப் பக்கத்துக்குச் சமாந்தரமாக, கிழக்கு மேற்காகப் பிடித்திருந்தேன். மின்னோட்டம் பாய்ந்தும் ஊசி அசையவில்லை. மின்கலம் புதியது, கம்பி சூடாவதையும் உணர்ந்தேன். பிழை எங்கே? – உயர்தர மாணவி, மானிப்பாய்

கம்பி சூடானதையும் அது கிடந்த திசையையும் எழுதியிருக்கிறீர்கள். நல்ல அவதானிப்பு, விடையும் அதற்குள்ளேயே இருக்கிறது. மின்கலத்திலோ கம்பியிலோ குறையில்லை. கம்பி கிடந்த திசையே ஊசியை அசையவிடாமல் செய்தது.

நேரான கம்பியில் மின்னோட்டம் பாயும்போது அதைச் சுற்றி வட்ட வடிவில் காந்தப்புலம் உண்டாகிறது. வலக்கைப் பெருவிரலை மின்னோட்டத்தின் திசையில் நீட்டினால், மடங்கும் மற்ற விரல்கள் அப்புலத்தின் திசையைக் காட்டும். கம்பிக்கு நேர் கீழே உள்ள ஒரு புள்ளியில் இந்தப் புலம் கிடையாகவும் கம்பிக்குச் செங்குத்தாகவும் இருக்கும். ஆகவே கம்பி கிழக்கு மேற்காகக் கிடந்தால், ஊசி இருக்கும் இடத்தில் கம்பியின் புலம் வடக்கு நோக்கியோ தெற்கு நோக்கியோதான் அமைய முடியும். ஊசி ஏற்கெனவே பூமியின் புலத்தில் வடக்கு நோக்கி நிற்கிறது. மின்னோட்டம் மேற்கிலிருந்து கிழக்காகப் பாய்ந்தால் கம்பியின் புலமும் வடக்கு நோக்கியதாகி, இரண்டும் கூடும். ஊசி இன்னும் உறுதியாக அங்கேயே நிற்கும். எதிர்த்திசையில் பாய்ந்தால் இரண்டும் கழியும். கழிந்த பின்னும் மிச்சம் வடக்கு நோக்கியே இருக்குமாயின் ஊசி திரும்புவதற்குக் காரணமே இல்லை.

இதை எண்களில் பார்ப்போம். மின்னோட்டம் 1 அம்பியர் எனவும் கம்பி ஊசிக்கு 2 சென்ரிமீற்றர் மேலே உள்ளது எனவும் கொண்டால், கம்பி உண்டாக்கும் புலம் 10 மைக்ரோதெஸ்லா. யாழ்ப்பாணத்தில் பூமியின் புலத்தினது கிடைக்கூறு, அதாவது கிடையாக அமையும் பகுதி, ஏறத்தாழ 40 மைக்ரோதெஸ்லா. கூட்டினால் 50, கழித்தால் 30. இரண்டும் வடக்கு நோக்கியவை. அதே கம்பியை இப்போது வடக்குத் தெற்காகத் திருப்புங்கள். கம்பியின் புலம் பூமியின் புலத்துக்குச் செங்குத்தாகிவிடும். விளையுள் வடக்கிலிருந்து விலகும். விலகற் கோணத்தின் தாஞ்சன் 10இன் கீழ் 40, அதாவது 0.25 என்ற விகிதம். கோணம் ஏறத்தாழ 14 பாகை. கண்ணுக்கு நன்றாகத் தெரியும் விலகல் இது. கம்பி ஊசிக்கு மேலே இருக்க, மின்னோட்டம் தெற்கிலிருந்து வடக்காகப் பாய்ந்தால் ஊசியின் வட முனைவு மேற்கே திரும்பும். கம்பியை ஊசிக்குக் கீழே கொண்டுவந்தால் கிழக்கே திரும்பும். இரண்டையும் அடுத்தடுத்துச் செய்து பாருங்கள். புலம் கம்பியைச் சுற்றி வளைந்து செல்கிறது என்பதற்கு இதைவிட நேரடியான சான்று இல்லை. மின்கலத்தைக் கம்பியால் நேரடியாக இணைப்பதால், ஒரு தடவைக்கு ஓரிரு செக்கன்களுக்கு மேல் மின்னோட்டத்தைச் செலுத்த வேண்டாம்.

1820 இல் ஏர்ஸ்டெட் இதை வெளியிட்டபோது அறிஞர்களை வியக்கவைத்தது இந்தப் பக்கவாட்டுத் திரும்பல்தான். அதுவரை அறியப்பட்டிருந்த விசைகள் பொருள்களை இணைக்கும் நேர்கோட்டின் வழியே கவர்ந்தன அல்லது தள்ளின. இங்கே ஊசி கம்பியை நோக்கியும் வரவில்லை, விலகியும் போகவில்லை, குறுக்கே திரும்பியது.

சட்டக் காந்தமொன்றின் வட முனைவு வடக்கை நோக்குமாறு வைத்து நடுநிலைப் புள்ளிகளைக் கண்டேன். அவை காந்தத்தின் மையத்திலிருந்து 20 சென்ரிமீற்றர் தூரத்தில், கிழக்கிலும் மேற்கிலும் இருந்தன. பழைய பிரித்தானியப் பயிற்சி நூலொன்றில் இருந்த கிடைக்கூற்றின் பெறுமானத்தை, 1.8 × 10⁻⁵ தெஸ்லாவை, பிரதியிட்டுக் காந்தத் திருப்பத்தை, அதாவது காந்தத்தின் வலிமையைக் குறிக்கும் அளவை, கணித்தேன். அதே காந்தத்துக்கு நண்பன் பெற்ற விடை என்னுடையதைப் போல் இருமடங்குக்கும் அதிகம். யாருடையது சரி? – உயர்தர மாணவன், பருத்தித்துறை

நண்பருடையதுதான் சரி, ஆனால் உங்கள் செய்முறையில் தவறில்லை. நீங்கள் எடுத்த பெறுமானம் பருத்தித்துறைக்கு உரியதன்று, பிரித்தானியாவுக்கு உரியது.

பூமியின் காந்தப்புலம் எல்லா இடங்களிலும் கிடையாக இருப்பதில்லை. இலண்டனில் அது கிடைத்தளத்திலிருந்து ஏறத்தாழ 66 பாகை சரிந்து நிலத்துக்குள் இறங்குகிறது. அங்கே மொத்தப் புலம் ஏறக்குறைய 49 மைக்ரோதெஸ்லா, எங்களுடையதைவிடப் பெரியது. ஆயினும் அதன் பெரும்பகுதி நிலைக்குத்தாகப் போய்விடுவதால் கிடைக்கூறாக மிஞ்சுவது 20 மைக்ரோதெஸ்லா அளவே. புவிக்காந்தத்தின் நடுக்கோடு, அதாவது சாய்வுக் கோணம் பூச்சியமாகும் இடங்களை இணைக்கும் கோடு, இந்தியாவின் தென்முனையையும் இலங்கையின் வடபகுதியையும் அண்டிச் செல்கிறது. 1963 இல் இந்தியா தனது முதலாவது ஆய்வு ரொக்கெற்றை ஏவுவதற்குத் திருவனந்தபுரத்துக்கு அருகே உள்ள தும்பாவைத் தெரிந்தெடுத்ததற்குக் காரணமும் இந்த அண்மைதான். ஆகவே யாழ்ப்பாணக் குடாநாட்டில் சாய்வுக் கோணம் மிகச் சிறியது. புலம் ஏறத்தாழ முழுவதும் கிடையாக, 4 × 10⁻⁵ தெஸ்லா அளவில் இருக்கிறது.

இப்போது கணக்கைத் திரும்பச் செய்யுங்கள். காந்தத்தின் பக்கவாட்டில், நடுக்குத்துக் கோட்டின் மீது, அதன் புலம் வட முனைவு காட்டும் திசைக்கு எதிராக இருக்கும். உங்கள் அமைப்பில் அது தெற்கு நோக்கியது. பூமியினது வடக்கு நோக்கியது. இரண்டும் சமனாகும் இடமே நடுநிலைப் புள்ளி. 20 சென்ரிமீற்றரில் 4 × 10⁻⁵ தெஸ்லா என்றால், காந்தத்தின் நீளத்தைப் புறக்கணிக்கும் குறுங்காந்தச் சூத்திரப்படி காந்தத் திருப்பம் 3.2 அம்பியர் சதுரமீற்றர். நீங்கள் பெற்றிருக்கக்கூடிய விடை 1.44. இதே காந்தத்தை இலண்டனுக்குக் கொண்டுபோனால் நடுநிலைப் புள்ளி ஏறத்தாழ 25 சென்ரிமீற்றருக்குத் தள்ளிப்போகும். காந்தத்தில் எந்த மாற்றமும் இல்லை. அது எதிர்த்து நிற்க வேண்டிய புலம் பாதியாகிவிட்டது.

இன்னொன்று. உங்கள் காந்தத்தின் முனைவுகளுக்கிடையே 10 சென்ரிமீற்றர் இருந்தால், 20 சென்ரிமீற்றர் தூரத்தில் அதைக் குறுங்காந்தமாகக் கொள்வது அவ்வளவு பொருத்தமில்லை. முழுச் சூத்திரத்தைப் பயன்படுத்தினால் திருப்பம் 3.5 ஆகும். செய்முறை ஏட்டில் இந்தத் திருத்தத்தை ஒரு வரியில் எழுதிவிடுவது நல்லது.

உள்ளூர்ப் பெறுமானத்தை ஆய்கூடச் சுவரில் ஒட்டிவைக்குமாறு ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன். இதே காரணத்தால்தான் வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்து தரும் திசைகாட்டிகள் சில இங்கே தடுமாறுகின்றன. ஐரோப்பாவில் ஊசியின் வட முனைவு கீழே சரியும் என்பதால், அதைச் சமன்செய்யத் தென் பக்கத்தில் சிறிது பாரம் கூட்டித் தயாரிப்பார்கள். இங்கே வட முனைவைக் கீழே இழுக்கும் நிலைக்குத்துக் கூறு மிகச் சிறியது. ஆகவே அந்தப் பாரம் தென் முனையைத் தாழ்த்தி, ஊசி அடித்தட்டில் உரசத் தொடங்குகிறது.

காந்தத்தை வெட்டினால் ஒவ்வொரு துண்டிலும் இரண்டு முனைவுகள் வருவது ஏன்? புலக் கோடுகள் வட முனைவில் தொடங்கித் தென் முனைவில் முடிகின்றன என்றால், வட முனைவை மட்டும் ஏன் பிரித்தெடுக்க முடியாது? – மாணவன், சாவகச்சேரி

"தொடங்கி", "முடிகின்றன" என்ற சொற்களில்தான் சிக்கல். காந்தப்புலக் கோடுகளுக்குத் தொடக்கமும் முடிவும் இல்லை. வெளியே வடக்கிலிருந்து தெற்காகச் செல்லும் கோடு காந்தத்தினுள்ளே தெற்கிலிருந்து வடக்காகத் திரும்பிவந்து மூடிக்கொள்கிறது. எந்த மூடிய மேற்பரப்பை எடுத்தாலும் அதனூடாக வெளியேறும் காந்தப் பாயமும் உட்செல்லும் பாயமும் சமன். மின்னோட்டம் பாயும் ஒரு தடத்தை எண்ணிப் பாருங்கள்: ஒரு பக்கத்திலிருந்து பார்த்தால் மின்னோட்டம் இடஞ்சுழியாகத் தெரியும், அது வட முனைவு; மறுபக்கத்திலிருந்து வலஞ்சுழியாகத் தெரியும், அது தென் முனைவு. ஒரு பக்கம் மட்டும் உள்ள தடத்தை யாராலும் செய்ய முடியாது. இரும்பின் காந்தத்தன்மை அதன் இலத்திரன்களிலிருந்து வருகிறது. ஒவ்வோர் இலத்திரனும் இரு முனைவும் உள்ள மிகச் சிறிய காந்தம். எவ்வளவு வெட்டினாலும் இதற்குக் கீழே போக முடியாது. தனி முனைவு இருந்தால் மின்னேற்றம் ஏன் முழு மடங்குகளாகவே காணப்படுகிறது என்பதை விளக்கலாம் என்று 1931 இல் பௌதிகவியலாளர் டிராக் காட்டினார். அன்றிலிருந்து தேடுகிறார்கள், உறுதிப்படுத்தப்பட்ட கண்டுபிடிப்பு எதுவும் இல்லை.

எவர்சில்வர் பாத்திரம் வாங்கும்போது காந்தம் ஒட்டாவிட்டால் நல்லது, ஒட்டினால் மட்டம் என்கிறார்கள். இது உண்மையா? – ஒரு தாய், சுன்னாகம்

பாதி உண்மை, அம்மா. 304 எனப்படும் வகையில் 18 வீதமளவு குரோமியமும் 8 வீதமளவு நிக்கலும் உள்ளன. நிக்கல் இரும்பின் அணு அடுக்கை மாற்றிவிடுவதால் காந்தம் ஒட்டுவதில்லை. நிக்கல் சேராத 430 வகையில் ஒட்டும். ஆனால் நிக்கலைக் குறைத்து மங்கனீசு சேர்த்துச் செய்யும் மலிவான 202 வகையிலும் காந்தம் ஒட்டாது. ஆகவே காந்தம் ஒட்டவில்லை என்பது தரத்துக்கு உத்தரவாதம் ஆகாது. நல்ல 304 பாத்திரத்திலும், அழுத்தி வளைத்த விளிம்புகளில் காந்தம் இலேசாக ஒட்டக்கூடும். வளைக்கும்போது அந்த இடத்தின் அணு அடுக்கு மாறுவதே காரணம். தாங்கள் வாங்குவது இன்டக்ஷன் அடுப்புக்கு என்றால் நிலைமை தலைகீழ்: அடிப்பாகத்தில் காந்தம் நன்றாக ஒட்ட வேண்டும்.

அசையும் ஏற்றத்தின் மீது காந்தப்புலம் செலுத்தும் விசை எப்போதும் வேகத்துக்குச் செங்குத்து, எனவே அது வேலை செய்வதில்லை என்று படிக்கிறோம். அப்படியானால் மோட்டர் எவ்வாறு பாரத்தைத் தூக்குகிறது? காந்தம் எவ்வாறு ஆணியைத் தூக்குகிறது? – உயர்தர மாணவி, கிளிநொச்சி

இம்முறை வந்தவற்றுள் மிகச் சிறந்த கேள்வி இது. பாடத்தில் வரும் இரண்டு வாக்கியங்கள் ஒன்றையொன்று மறுப்பதைக் கண்டு அதை அப்படியே விட்டுவிடாமல் கேட்டதற்கு என் பாராட்டு.

முதலில் மோட்டர். புலத்தில் வைத்த கம்பியில் மின்னோட்டம் பாயும்போது இலத்திரன்கள் கம்பியின் வழியே நகர்கின்றன. கம்பி விசைக்கு உட்பட்டுப் பக்கவாட்டில் நகரத் தொடங்கியதும் இலத்திரன்களின் வேகத்துக்கு இரண்டாவது கூறு ஒன்று சேர்ந்துவிடுகிறது. காந்த விசை அந்த மொத்த வேகத்துக்குச் செங்குத்து. அதையும் இரண்டு கூறுகளாகப் பிரித்துப் பாருங்கள். ஒரு கூறு கம்பியைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. இது நேர் வேலை செய்கிறது. மற்றது கம்பியின் வழியே, இலத்திரன்களின் ஓட்டத்துக்கு எதிராக அமைகிறது. இது அதே அளவு மறை வேலை செய்கிறது. மொத்தம் பூச்சியம். இரண்டாவது கூற்றைத்தான் நாம் மோட்டரில் எதிர் மின்னியக்க விசை என்கிறோம். அதை வென்று மின்னோட்டத்தைத் தொடர்ந்து செலுத்துவது பற்றரி. ஆகவே பாரத்தைத் தூக்கும் சக்தி முழுவதும் பற்றரியிலிருந்து வருகிறது. காந்தப்புலம் அதைக் கம்பியின் திசையிலிருந்து பக்கவாட்டுக்குத் திருப்பிவிடுகிறது. பாரம் ஏற்றப்படாத மோட்டர் வேகமாகச் சுழலும்போது குறைந்த மின்னோட்டத்தை எடுப்பதும், அச்சைப் பிடித்து நிறுத்தினால் மின்னோட்டம் கூடிச் சுருள் சூடாவதும் இதனால்தான்.

ஆணி வேறு விடயம். இரும்பின் காந்தத் திருப்பம் பெரும்பாலும் இலத்திரனின் சுழற்சியோடு பிறந்த இயல்பு. அதை ஒரு சிறு தடத்தில் ஓடும் ஏற்றமாகக் கொண்டு, வேகத்துக்குச் செங்குத்தான விசை என்ற வாக்கியத்தை அதற்குப் பொருத்த முடியாது. இங்கே நாம் பார்க்க வேண்டியது சக்தியை. காந்தத் திருப்பமுள்ள ஒரு பொருள் புலத்தின் திசையில் திரும்பி, புலம் வலிமையான இடத்துக்கு நகரும்போது அதன் அழுத்தச் சக்தி குறைகிறது. அந்தக் குறைவே ஆணியின் இயக்கச் சக்தியாகிறது. ஆணியைப் பிடுங்கி எடுக்க உங்கள் கை அதே அளவு வேலையைத் திருப்பிச் செலுத்த வேண்டும். எனவே காந்தம் ஆணிகளைத் தூக்கித் தூக்கித் தீர்ந்துபோவதில்லை.

"வலிமையான இடத்துக்கு" என்ற சொற்களை அடிக்கோடிட்டுக் கொள்ளுங்கள். காந்தத்தின் வட முனைவை ஆணிக்கு அருகே கொண்டுசென்றால், ஆணியின் அண்மை முனை தென் முனைவாகவும் தொலை முனை வட முனைவாகவும் மாறும். அண்மை முனை கவரப்படுகிறது, தொலை முனை தள்ளப்படுகிறது. அண்மையில் புலம் வலிமையானது என்பதால் கவர்ச்சி வெல்கிறது. புலம் சீரானதாக இருந்தால் இரண்டும் சமனாகித் திருப்பல் மட்டுமே மிஞ்சும். காந்தமாக்கிய தையல் ஊசியை ஒரு தக்கைத் துண்டில் குத்தித் தண்ணீரில் மிதக்கவிடுங்கள். அது வடக்கு நோக்கித் திரும்பும்; ஆனால் வடக்கு நோக்கி மிதந்து போகாது. பாத்திரத்தின் அளவுக்குள் பூமியின் புலம் சீரானது என்பதே காரணம்.

மூட்டு வலிக்குக் காந்தக் காப்பு நல்லது, இரத்தத்தில் உள்ள இரும்பைக் காந்தம் இழுக்கும் என்று விற்கிறார்கள். வாங்கலாமா? – வாசகர், நெல்லியடி

வேண்டாம். இரத்தத்தின் இரும்பு ஆணியின் இரும்பைப் போன்றதன்று. அது ஹீமோகுளோபின் மூலக்கூறுகளில் தனித்தனி அணுக்களாகக் கட்டுண்டு கிடக்கிறது. ஒட்சிசன் ஏற்றிய இரத்தத்தைக் காந்தம் மிக மெல்லியதாகத் தள்ளவே செய்கிறது. 1936 இல் இரசாயனவியலாளர்களான போலிங்கும் கொரியலும் இதை அளந்து காட்டினர். எம்.ஆர்.ஐ. இயந்திரத்தின் 1.5 தெஸ்லாப் புலத்துக்குள் படுத்திருப்பவரின் இரத்தம் ஒரு பக்கமாக இழுபட்டுப் போவதில்லை. காப்பின் புலம் அதைவிட எவ்வளவோ சிறியது. வலிக்கு மருத்துவரைப் பாருங்கள்.

மின்சாரம் இல்லாத 1990களில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, தைனமோவிலிருந்து வானொலி கேட்டோம். சத்தத்தைக் கூட்டினால் சுற்றுவது கடினமானது போல எனக்குத் தோன்றும். நண்பர்கள் அது மனப்பிரமை என்றார்கள். இப்போது என் பேரன் லென்ஸின் விதியைப் படிக்கிறான். அன்று தோன்றியது சரியா? – ஓய்வுபெற்றவர், காரைநகர்

சரிதான் ஐயா. அந்தச் சிறு தைனமோவின் நடுவில் ஒரு நிலையான காந்தம் சுழல்கிறது. கம்பிச் சுருள் ஓடோடு அசையாமல் இருக்கிறது. சுருளினூடாகச் செல்லும் காந்தப் பாயம் மாறிக்கொண்டே இருப்பதால், 1831 இல் பரடே கண்டறிந்தபடி அதில் மின்னியக்க விசை தூண்டப்படுகிறது. கிடைப்பது திசை மாறிமாறிப் பாயும் ஆடலோட்டம். வானொலிக்கு ஒரே திசையில் பாயும் நேரோட்டம் வேண்டும் என்பதால் இருவாயிகளையும் கொள்ளளவியையும் யாரோ பொருத்தித் தந்திருப்பார்கள்.

ஒன்றையும் இணைக்காதபோதும் தைனமோ சும்மா சுழல்வதில்லை. உருளை ரயரில் உரசுகிறது, சுருளினுள் உள்ள இரும்பு மீண்டும் மீண்டும் காந்தமாகி மாறுவதால் கொஞ்சம் சக்தி வெப்பமாகப் போகிறது. இந்தப் பாரம் எப்போதும் உண்டு. வானொலியை இணைத்தவுடன் சுருளில் மின்னோட்டம் பாய்கிறது. அந்த மின்னோட்டம் தானும் ஒரு காந்தப்புலத்தை உண்டாக்கி, காந்தத்தின் சுழற்சியை எதிர்க்கிறது; பேரன் படிக்கும் லென்ஸின் விதி சொல்வது இதைத்தான். சத்தத்தைக் கூட்டும்போது வானொலி எடுக்கும் மின்னோட்டம் கூடுகிறது, எதிர்ப்பும் கூடுகிறது. சைக்கிள் தைனமோக்கள் வழமையாக 6 வோல்ற், 3 வாற் அளவினவை. விளக்கெரித்து ஓடும்போது அந்த வேறுபாடு காலுக்குத் தெரியாமல் போகலாம். கையால் சுற்றுகிறவருக்குத் தெரியும். நண்பர்கள் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்திருப்பார்கள்.

பேரனுக்குக் காட்ட, பழுதாய்ப்போன விளையாட்டுக் காரிலிருந்து சிறிய மோட்டர் ஒன்றைக் கழற்றியெடுங்கள். அதன் அச்சில் சிறு பற்சில்லு இருந்தால் பிடிக்க வசதி. இரு முனைகளும் திறந்திருக்க, அச்சை விரலால் சுண்டுங்கள்; சில சுற்றுகள் ஓடி நிற்கும். பின்னர் இரு முனைகளையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்துவிட்டு அதே போல் சுண்டுங்கள். சுற்று மூடிவிட்டதால் இப்போது தூண்டிய மின்னோட்டம் பாய வழி உண்டு. அச்சு உடனே தளர்ந்து நிற்கும். பற்றரி எதுவும் இணைக்கப்படவில்லை என்பதைப் பேரன் கவனிக்க வேண்டும். அச்சை நிறுத்திய விசை அவனுடைய விரல் கொடுத்த சுழற்சியிலிருந்தே பிறந்தது. அந்தச் சுழற்சியின் சக்தி கம்பியிலும் சுருளிலும் வெப்பமாகிவிட்டது.